மண் பார்க்கத் துணைக்குப் போனவள்

என் கணவரும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். சிதம்பரத்தில் மண்ணியல் முதுகலை. அப்போது அவரை நான் "டா" போட்டுத்தான் கூப்பிடுவேன். ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசை, கேன்டீனில் ஒரே பெஞ்சு. தேர்வு முடிவு வந்தபோது நான் முதலாவது, அவர் இரண்டாவது. அதற்கு மறுவருடம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. துறையில் விரிவுரையாளர் வேலை ஒன்று காலியானபோது நான் பிள்ளை உண்டாகி, ஒரு வாய் சோறு உள்ளே தங்காமல் படுத்துக் கிடந்தேன். அவர் விண்ணப்பித்தார், அவருக்குக் கிடைத்தது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நேர்முகத்துக்கு அனுப்பிவைத்தவளே நான்தான். என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று முதல்நாள் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான்.

அதற்குப் பிறகு நான் மண்ணைத் தொட்டதெல்லாம் மாடியில் இருந்த ரோஜாத் தொட்டியில் மட்டும்தான்.

2010 தொடக்கத்தில், அறுவடை முடிந்த சமயம், கடைசி வருட இளங்கலை மாணவர்களை மண் பார்க்க அழைத்துப் போகும் பயணம் வந்தது. வருடா வருடம் நடப்பதுதான். எங்கள் மாவட்டத்தில் இதற்காக ரொம்ப தூரம் அலைய வேண்டியதில்லை. காலையில் கடலோரத்து உவர் மண்ணில் இறங்கினால் மதியம் வயல்காட்டுக் களிமண், சாயங்காலத்துக்குள் முந்திரிக்காட்டுச் செம்மண் என்று ஒரே பகலில் பார்த்துவிடலாம். மாணவிகளும் வருவதால் ஒரு பெண் ஆசிரியர் கூடப் போக வேண்டும் என்பது வழக்கம். துறையில் இருந்த ஒரே பெண் ஆசிரியருக்கு அந்த வாரம் அம்மை போட்டுவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"ஹெச்.ஓ.டி. உன்னைக் கேட்டாரு. உன் மிஸஸ் நம்ம ஸ்டூடன்ட்தானே, அவுங்களையே கூட்டிட்டுப் போப்பான்னாரு. வர்றியா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் அத்தையைப் பார்த்தேன். என் மாமியார் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான்.

"போய்ட்டு வாயேன், ஒரு நாள்தானே. நான் பாத்துக்கிறேன்" என்றார் அத்தை.

பரண்மேல் கிடந்த என் பழைய கேன்வாஸ் ஷூவை எடுத்தேன். உள்ளே பல்லி முட்டை இருந்தது. கழுவி வெயிலில் வைத்தேன். மண்ணைக் குத்திப் பார்க்கும் என் கத்தியையும் தேடி எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் மூட்டை கட்டியதில்லை.

காலையில் பஸ் ஏறியதும் அந்தச் சந்தோஷம் சுருங்க ஆரம்பித்தது. துறை உதவியாளர் என் கையில் ஒரு பெரிய பையைக் கொடுத்தார். உள்ளே முதலுதவிப் பெட்டி, குளுக்கோஸ், பெண்களுக்கு அவசரத்துக்கு வேண்டியவை.

"லேடீஸ் சமாச்சாரம் எல்லாம் உங்க பொறுப்பு மேடம். சாப்பாட்டுப் பொட்டலமும் நீங்களே எண்ணிக் குடுத்துடுங்க. எங்க எறங்குனாலும் பாத்ரூம் வசதி இருக்கான்னு மொதல்ல பாத்துக்குங்க."

நான் தலையாட்டினேன். என் கணவர் முன் இருக்கையில் மைக் இல்லாமலே கணீரென்று பேசிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு நாம பாக்கப்போறது..." என்று ஆரம்பித்து வரிசையாகச் சொன்னார். மாணவர்கள் அவரைப் பார்த்த பார்வையை நான் அதுவரை பார்த்ததில்லை. வீட்டில் அவர் துண்டு எங்கே, சாவி எங்கே என்று கேட்கிற மனிதர். பஸ்ஸில் வேறு ஆள். கைகளை வீசுகிறார், சிரிக்க வைக்கிறார், ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துக் காத்திருக்கிறார். நான் சமைத்துப் போட்ட இட்லியைத் தின்றுவிட்டு தினமும் இங்கேதான் போகிறாரா என்று இருந்தது.

முதலில் கிள்ளைப் பக்கம் இறங்கினோம். நாங்கள் படித்த காலத்திலும் அங்கே போயிருக்கிறோம், சுனாமியில் கடல் உள்ளே வந்துவிட்டுப் போன மறுவருடம். அப்போது அந்த மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து முதலில் துப்பியது நான்தான். இப்போது ஒரு வேலிக்காத்தான் நிழலில் பையை அணைத்துக்கொண்டு நின்றேன். தரையில் உப்பு பூத்து, வெயிலில் கண் கூசியது.

"என்ன தெரியுது?" என்றார் என் கணவர்.

"உப்பு சார்" என்றார்கள் எல்லோரும்.

ஒரு பெண் மட்டும் பதில் சொல்லாமல் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தள்ளித் தள்ளிப் போய்க் குந்தினாள். குறிஞ்சிப்பாடியைச் சேர்ந்தவள். உயரம், ஒற்றைப் பின்னல். அங்கங்கே கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"எல்லா எடத்துலயும் ஒரே மாரி இல்ல சார். இந்த ஓரத்துல ஜாஸ்தியா கரிக்குது, அங்க கம்மியா இருக்குது. தண்ணி இங்கதான் வந்து நின்னு காஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன்."

என் கணவரின் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. "கேட்டீங்களா? உப்புன்னு சொல்றதுக்கு நீங்க சிதம்பரத்துலயே இருந்திருக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

என் பக்கத்தில் நின்றிருந்த ஒரு மாணவி குனிந்து ரகசியம் போலச் சொன்னாள்: "சாருக்கு அவளத்தான் மேடம் புடிக்கும். எந்தக் கேள்வின்னாலும் அவளத்தான் பாப்பாரு." சொல்லிவிட்டு என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. மனைவிகளுக்கு வரவேண்டிய அந்த ஒரு பொறாமையைத் தேடினாள். அவளுக்கு அது கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் என் முகம் நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. ஆனால் என் கணவர் அவளைப் பார்த்ததற்காக எரியவில்லை. அவளுடைய முழங்காலில் உப்பு அப்பியிருந்தது. நகக்கண்ணில் மண் இருந்தது. என் கையில் குளுக்கோஸ் பாக்கெட் இருந்தது. அதற்காக எரிந்தது.

அடுத்து புவனகிரி தாண்டி, அறுப்பு முடிந்த வயலில் நிறுத்தினார்கள். தாளடி நெல் அறுத்த அடிக்கட்டைகளுக்கு நடுவே கருங்களி. லேசாக ஈரம் இருந்தது, ஷூவில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் கனத்தது. என் கணவர் ஒரு கட்டி எடுத்தார், பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பிசைந்தார்.

"உங்க அம்மா முறுக்கு சுடுறதப் பாத்திருக்கீங்களா? மாவு பதமா இருந்தா நாழியில புழிஞ்சா ஒடையாம நீளமா வரும். இதோ, பாருங்க."

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மண்ணை அழுத்திப் பிதுக்கினார். அது நாடா மாதிரி நீண்டு தொங்கியது.

"இப்படி வந்தா களி. புடிச்சா நிக்கிது, அழுத்துனா பொலபொலன்னு உதிருது, ரவா லட்டு மாரின்னா மணல் ஜாஸ்தி. பரீட்சையில மறந்தாலும் பலகாரத்த மறக்க மாட்டீங்க."

மறுபடியும் சிரிப்பு. எல்லோரும் குனிந்து ஆளுக்கொரு உருண்டை பிசைய ஆரம்பித்தார்கள். "முறுக்குடா!" "எனக்கு ரவா லட்டுடி!" என்று ஒரே கூச்சல்.

அந்த முறுக்கும் ரவா லட்டும் என்னுடையவை. செய்முறைத் தேர்வுக்கு முன்னால், அவருக்கு மண் பதம் பிடிபடாமல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஆய்வுக்கூடத்து வாசற்படியில் வைத்து நான் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை அதே. "பலகாரத்த மறக்க மாட்ட" என்றதுகூட நான்தான். இப்போது மாணவர்களிடம் சொல்லி முடித்துவிட்டு அவர் ஒரு தடவையாவது என் பக்கம் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விட்டார்.

என் சேலையை வேறொருத்தி உடுத்திக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதுவும் அவளுக்கு அது என்னைவிட நன்றாக இருந்தால்.

மதியம் குறிஞ்சிப்பாடி எல்லையில் ஒரு புளியமரத்தடியில் சாப்பாடு. பொட்டலங்களை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த உயரமான பெண்ணின் அம்மா அங்கே வந்து காத்திருந்தார். மகள் இந்த வழியாகப் போகிறாள் என்று தெரிந்து, எல்லோருக்குமாக ஒரு தூக்கு நிறைய வேர்க்கடலை அவித்துக் கொண்டுவந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஆசிரியை என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எம் பொண்ணப் பாத்துக்குங்க மேடம். வீட்டுக்கு வந்தாலும் மண்ணு மண்ணுன்னுதான் பேசுது. அவுங்க அப்பா மாப்பிள்ள பாக்கணும்னாரு. அதெல்லாம் ஒண்ணும் வேணாம், அது படிக்கிற மட்டும் படிக்கட்டும், வேலைக்குப் போவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிப்புட்டேன்."

"நல்லாப் படிக்கிறா" என்றேன்.

எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. கடலூர் முதுநகரில் என் ரிசல்ட்டைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த அதே அம்மா, எனக்கு வேலை கைநழுவிப் போனபோது, "உனக்கு வந்தா என்ன, அவருக்கு வந்தா என்ன, ஒரே வீடுதானே" என்றாள். எல்லோருக்கும் நியாயமாகப் பட்ட வார்த்தை. எனக்கும் அன்று நியாயமாகத்தான் பட்டது. புளியமரத்தடியில், கடலையை உரித்துக்கொண்டு அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் இடித்துச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, அந்தப் பெண்ணிடம் இருந்த ஒவ்வொன்றும் எனக்கு வேண்டும் போல இருந்தது. அவளுடைய நாக்கு, நகம், அம்மா, எல்லாமே.

வடலூர் தாண்டியதும் சாலையோரம் சிவக்க ஆரம்பித்தது. பண்ருட்டி வழியாக அண்ணாகிராமம் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்குப் போனோம். தோப்புக்காரரிடம் முன்பே சொல்லி, மார்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டி வைத்திருந்தார்கள். அதன் ஒரு பக்கச் சுவரைச் செங்குத்தாகச் சீவிவிட்டிருந்தார்கள். மண்ணின் அடுக்குகளைப் பார்ப்பதற்கு இப்படித்தான் செய்வது. மேலே வெளிறிய மணல் கலந்த செம்மண், நடுவில் அடர்ந்த சிவப்பு, கீழே சரளை.

நான்கைந்து மாணவிகள் முதலில் இறங்கினார்கள், குறிஞ்சிப்பாடிப் பெண்ணும்தான். மாணவர்கள் மேலே சுற்றி நின்றார்கள். என் கணவர் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று குழிக்குள் ஒரே அலறல்.

"தேளு! தேளு!"

ஆளுக்கொரு பக்கம் தாவி ஏறினார்கள். ஒரு குள்ளமான பெண்ணுக்கு மட்டும் ஏற முடியவில்லை. சுவரைப் பிறாண்டிக்கொண்டு அழுதாள். மேலே நின்ற பையன்கள் கையை நீட்டத் தயங்கினார்கள், என் கணவரும் தயங்கினார். "மேடம்! மேடம் எங்க?" என்று அவர் குரல் கேட்டது.

பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தேன். அந்தப் பெண்ணை இடுப்பில் பிடித்துத் தூக்கி மேலே தள்ளினேன். திரும்பினால், குறிஞ்சிப்பாடிப் பெண் ஏறாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் கத்தி நுனியில் ஏதோ நெளிந்தது.

"தேளு இல்ல மேடம். பிள்ளைப்பூச்சி" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அதை வெளியே விசிறினாள். மேலே இன்னொரு அலறல்.

பயப்படாமல் நிற்பதற்கும் அவள்தானா என்று நினைத்தேன்.

ஏறிவிடத்தான் கையை வைத்தேன். ஆனால் என் மூக்குக்கு நேராக அந்தச் சுவர் இருந்தது. வெட்டிய செம்மண்ணுக்கு ஒரு வாசனை உண்டு. இரும்பும் வேரும் பழைய மழையும் கலந்தது. எத்தனையோ நாளாகப் பேசாமல் இருந்த ஒரு ஆள் கிட்டே வந்து நின்றது போல இருந்தது. என் கை தானாக நீண்டு அதைத் தொட்டது.

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், நீங்களும் சாயில்ஸ்தானா?"

"ஆமா."

"எனக்கு இந்தக் கோடு மட்டும் புரியல மேடம். மேல சிவப்பு, கீழயும் சிவப்பு. ரெண்டாவது அடுக்கு எங்க ஆரம்பிக்கிதுன்னு கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது."

"கண்ண மூடு" என்றேன். "கத்தியால மேலேர்ந்து குத்திக்கிட்டே வா. கையில என்ன தெரியுதுன்னு மட்டும் பாரு."

அவள் மூடினாள். சதக், சதக் என்று குத்திக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் கை நின்றது. "இங்க இழுக்குது மேடம். புடிச்சிக்கிது."

"அதான். நெறத்துல இல்ல, மேலேர்ந்து களி எறங்கி இங்க தங்கியிருக்கு. ஒரு கட்டியப் பேத்து ஒடைச்சிப் பாரு. எண்ணெ தடவுன மாரி பளபளன்னு இருக்கா?"

"இருக்குது மேடம்!"

மேலே நின்ற தலைகள் குனிந்தன. "எங்க மேடம், காட்டுங்க" என்று ஒருத்தன் குதித்தான். பின்னால் இன்னொருத்தன். அலறிக்கொண்டு ஓடியவர்களும் இறங்கினார்கள். நான் என் கத்தியை எடுத்துவரச் சொன்னேன். சரளை அடுக்கைத் தட்டிச் சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். முந்திரி வேர் ஒன்று நேராக இறங்கி வந்து, சரளையைத் தொட்டதும் வளைந்து பக்கவாட்டில் போயிருந்தது. "இதுக்கு நம்மளவிட நல்லாத் தெரியும் அடுக்கு எங்க மாறுதுன்னு" என்றேன். சிரித்தார்கள். நான் சொன்னதற்குச் சிரித்தார்கள். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. முந்தானை முழுக்கச் செம்மண். குழந்தையின் நினைப்புகூட வரவில்லை.

"மேடம், டைம் ஆச்சு."

அண்ணாந்து பார்த்தேன். என் கணவர் குழியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். நான் கீழே போட்ட பை அவர் தோளில் தொங்கியது. ஒரு கையில் தண்ணீர்க் கேன்.

"சார், இன்னும் அஞ்சு நிமிசம் சார், ப்ளீஸ் சார்" என்று கெஞ்சினார்கள்.

"பஸ் டிரைவர் கத்துறாரு" என்றார். டிரைவர் தூரத்தில் பீடி பிடித்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

அப்போது அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். உதடு சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை. அந்த முகம் எனக்குப் பழக்கமானது. காலையிலிருந்து என் முகமும் இப்படித்தானே இருந்திருக்கும். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் வந்தது என்று சொல்லத்தான் வேண்டும். நல்ல சந்தோஷமில்லை, ஆனால் நன்றாக இருந்தது.

திரும்பும் வழியில் அவர் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நெல்லிக்குப்பம், கடலூர், சிப்காட் விளக்குகள் எல்லாம் கடந்து போயின. மாணவிகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து எதையாவது கேட்டுக்கொண்டே வந்தார்கள். குறிஞ்சிப்பாடிப் பெண் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு செம்மண் கட்டியை உடைத்து உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு வருடம் பிடித்தது அவளுக்கு ஒரே மதியத்தில் வந்துவிட்டது. அதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதை நினைத்தபோது மறுபடியும் கொஞ்சம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் படுக்கப் போய்விட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பின்பக்கக் குழாயடியில் இருவரும் ஷூ கழுவிக்கொண்டிருந்தோம். உள்ளே அத்தை குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். அத்தை காதில் விழும் இடங்களில் நான் என் கணவரை "வாங்க, போங்க" என்பேன். குழாய்ச் சத்தம் இருந்ததால் பழைய மாதிரி பேசினேன்.

"முறுக்கு மாவு கத என்னுது. தெரியுமா உனக்கு?"

அவர் நிமிர்ந்தார். "எது?"

"களி மண்ணு முறுக்கு, மணல் ரவா லட்டு. லேப் வாசப்படியில ஒக்காந்து நான் உனக்குச் சொன்னேன்டா."

அவருக்கு உண்மையாகவே ஞாபகமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார். பிறகு மெதுவாக, "ஆமால்ல" என்றார். "வருசா வருசம் சொல்றேன். நானே கண்டுபுடிச்சதுன்னு நெனச்சிட்டேன்."

சண்டை போட நான் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாகப் போயின.

அவரே தொடர்ந்தார். "நேத்து நீ எறங்குன ஒடனே ஒருத்தனும் என்னைப் பாக்கல. நான் பையத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன்."

"நான் காலையிலேர்ந்து தூக்கிக்கிட்டு நின்னேன்."

"தெரியும்." குழாயை மூடினார். "ரிசல்ட் வந்த அன்னிக்கு எல்லாரும் ஒனக்குக் கை குடுத்தாங்க. நானும் வந்து குடுத்தேன். உன்னைக் கட்டிக்கணும்னு நெனச்சதும் அன்னிக்குத்தான், உன்மேல எரிச்சல் வந்ததும் அன்னிக்குத்தான். ரெண்டும் ஒண்ணாவே வந்துச்சு. இந்த வேல கெடச்சப்புறம்தான் அது அடங்கி இருந்துச்சு. நேத்து மறுபடியும் வந்துடுச்சு."

இவ்வளவு நேராக அவர் பேசி நான் கேட்டதில்லை. கோபப்பட்டிருக்க வேண்டும். அடங்கி இருந்தது என்றால் நான் வீட்டில் அடங்கி இருந்ததால்தானே. ஆனால் அந்த நேரம் அவர் மேல் எனக்குப் பழைய நட்பு வந்தது. ஒரே மேசையில் உட்கார்ந்து, யார் கரைசல் முதலில் நிறம் மாறுகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நாங்கள். அது இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

"நான் பிஎச்.டி. சேரப்போறேன்" என்றேன். அதுவரை நான் அப்படி முடிவு செய்திருக்கவில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"புள்ள?"

"புள்ளைக்கு அப்பன் இல்லியா?"

அவர் ஷூவைச் சுவரில் சாய்த்து வைத்தார், என்னுடையதையும் வாங்கி அதன் பக்கத்தில் வைத்தார்.

அந்த வருடமே சேர்ந்தேன். சுலபமாக இருந்தது என்று சொல்ல முடியாது. அத்தைக்கு ஒருநாள் பயணம் பிடித்தது போல ஒவ்வொரு நாளும் நான் வெளியே போவது பிடிக்கவில்லை. "ஒரே வீட்டுல எத்தன வாத்தியாரு வேணும்?" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். துறையில் என்னை "சாரோட மிஸஸ்" என்றே சொன்னார்கள். கணவரே எனக்கு வழிகாட்டியாக இருக்க விதியில் இடமில்லை என்பதால் வேறொருவரிடம் சேர்ந்தேன். அதுவே நல்லதாகப் போயிற்று. என் ஆய்வைப் பற்றி என் கணவர் ஏதாவது யோசனை சொன்னால் நான் கேட்பதில்லை, பிறகு தனியாக யோசித்தால் பாதி சரியாக இருக்கும். அதைச் சொல்லவும் மாட்டேன்.

குறிஞ்சிப்பாடிப் பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் முதுகலை இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து சொன்னாள். என்னைத்தான் பார்க்க வந்தாள், அவரை இல்லை. "அந்தக் குழியில கண்ண மூடச் சொன்னீங்கல்ல மேடம், இப்பவும் அப்படித்தான் பாக்குறேன்" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன், சந்தோஷப்பட்டேன், கேசரி கிண்டிக் கொடுத்தேன். அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை, முன்னால் நீளமாகக் கிடக்கிறது எல்லாம். வாசலில் நின்றபடியே எனக்கு மறுபடியும் எரிந்தது. இது போகாது போலிருக்கிறது என்று அன்று ஒத்துக்கொண்டேன்.

என் ஆய்வு குறிஞ்சிப்பாடி வயல்களில் நடந்தது. 2011 கடைசியில் அடித்த புயல் எல்லாவற்றையும் குலைத்துவிட்டது. கரண்ட் இல்லை, போகிற வழியெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தது, நான் குச்சி நட்டு அடையாளம் வைத்திருந்த இடங்கள் எதுவும் இல்லை. பொங்கலுக்குப் பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர், "நானும் வர்றேன், அவனையும் கூட்டிட்டுப் போலாம், வீட்டுல அம்மாவைப் படுத்துறான்" என்றார். மூன்று பேரும் ஸ்கூட்டரில் போனோம்.

நான் வயலுக்கு நடுவில் மண் எடுக்கும் துளைக்கருவியைத் திருகிக்கொண்டிருந்தேன். அப்பாவும் பிள்ளையும் வரப்பில். நான் வெளியே திரிந்த அந்த இரண்டு வருடங்களில் அவனுக்குச் சோறு ஊட்டியது, குளிப்பாட்டியது, பள்ளிக்கு விட்டது எல்லாம் பெரும்பாலும் அவர்தான். அவருக்கு அது நன்றாக வந்தது. இருவருக்கும் தனியாக ஏதோ ஒரு விளையாட்டு இருந்தது, நண்டு வளையைப் பார்த்தால் ஒரு பாஷையில் கத்துவார்கள். எனக்கு அது புரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள்.

அவன் வரப்பிலிருந்து இறங்கி என் பக்கம் ஓடிவந்தான். ஒரு கட்டையில் தடுக்கி முகம் குப்புற விழுந்தான். எனக்குக் கையெட்டும் தூரம். கருவியை அப்படியே விட்டுவிட்டுக் கையை நீட்டினேன். அவன் எழுந்தான், முழங்காலைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். நீட்டிய என் கையைத் தாண்டி வரப்பை நோக்கி ஓடினான், "அப்பா" என்று அழுதுகொண்டே.

அவர் அவனைத் தூக்கிக்கொண்டார். முழங்காலை ஊதினார். அவன் தலைக்குமேல் என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை, அவர் முதலில் சிரிக்கப் பார்த்தார், பிறகு சிரிக்காமல் விட்டுவிட்டார்.

"அம்மாகிட்ட போறியா?" என்று அவனிடம் கேட்டார்.

"மாட்டேன்" என்றான் அவன்.

நான் குனிந்து, கருவியை மறுபடியும் திருக ஆரம்பித்தேன்.